சேகரின் தலை எண்ணெயும் சைனிக்புரி அலமாரியும்

இந்த வருடம் பாலிஷ் பிரிவில் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என்னைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். "அந்த கிரேஸ் மேடம் இருந்தப்ப" என்று ஆரம்பித்து, நான் போட்ட சத்தத்தைப் பற்றி இரண்டு கதையாவது காதில் விழுந்திருக்கும். அதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியும் உண்மையாக இருக்கலாம், எனக்குத்தான் நினைவில்லை. குஷாய்குடாவில் நம் பட்டறையில் இருபத்தாறு வருடம் ஃபினிஷிங் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, இப்போது செகந்திராபாத்தில் வீட்டோடு இருக்கிறேன். இங்கே சத்தம் போட ஆளில்லை, பூனைதான் இருக்கிறது.

பிளைவுட் அலமாரிக்கு க்ளியர் கோட் அடிப்பது எப்படி என்று புதியவர்களுக்கு எழுதித் தரச் சொல்லி முதலாளி கேட்டார். எத்தனை கோட், எந்த நம்பர் உப்புத்தாள், எத்தனை மணி நேரம் காய வேண்டும், இதெல்லாம் டின் மேலேயே அச்சடித்திருக்கிறது. படித்தவர்கள்தானே நீங்கள், படித்துக்கொள்ளுங்கள். டின் மேல் அச்சடிக்காத ஒன்றை நான் ரொம்பத் தாமதமாகக் கற்றேன். அதை எழுதுகிறேன்.

பெயிண்ட் அடிப்பவருக்கும் மைக்கா ஒட்டுபவருக்கும் ஒரு சௌகரியம் உண்டு. தச்சர் பென்சிலால் கணக்குப் போட்டு வைத்திருந்தாலும், யாரோ டீயைக் கொட்டியிருந்தாலும், மேலே ஒன்று வந்து மூடிவிடும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. க்ளியர் அடித்தால் பலகையில் உள்ளதெல்லாம் தெரியும், முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். அதனால் வேலை கெட்டால் எல்லோருக்கும் பதற்றம் வந்துவிடுகிறது. பதற்றம் வந்தால் உடனே ஓர் ஆளைத் தேடுகிறோம். அப்படி நான் தேடிப் பிடித்த ஆள்தான் சேகர்.

ஆமாம், இப்போது உங்கள் ஸ்ப்ரே ரூமுக்குப் பொறுப்பாக இருக்கிறாரே, அதே சேகர். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "தாராளமா எழுதுங்க மேடம். எண்ணெய் பிராண்டு மட்டும் போடாதீங்க, அவன் வந்து விளம்பரத்துல நடிக்கச் சொல்லுவான்" என்றார்.

அன்றைய சேகரை நீங்கள் பார்த்ததில்லை. முப்பது வயது, தலை நிறைய முடி. காலையில் தேங்காய் எண்ணெயை வழிய வழிய வைத்துப் படிய வாரிக்கொண்டு வருவார். வெயில் பட்டால் நெற்றி மின்னும். "சேகரண்ணே, ரெண்டு அப்பளம் பொரிச்சுக்கலாமா?" என்று பட்டறையில் கேட்பார்கள். "பொரிச்சுக்கோ, மிச்ச எண்ணெய்ய மட்டும் திருப்பி ஊத்திடு" என்பார் அவர். ஸ்ப்ரே ரூமில் எண்ணெய் நமக்குச் சத்ருதான். அதனால் நானும் பத்துத் தடவையாவது திட்டியிருப்பேன். திட்டுவதைக் கேட்டுக்கொள்வார், தலையில் துணியை இறுக்கிக் கட்டுவார், அதன் மேல் தொப்பி போடுவார், அப்புறம்தான் ஸ்ப்ரே கன்னைத் தொடுவார். ஏழு வருடத்தில் ஒரு நாளும் அவர் வேலையில் எண்ணெயால் குறை வந்ததில்லை. அடுத்த மாதம் ஸ்ப்ரே ரூமை அவர் பொறுப்பில் விடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்தச் செய்தி அவர் வீடு வரைக்கும் போய்விட்டது.

அந்த நேரத்தில் வந்தது சைனிக்புரி வேலை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சுபேதார், வேலூர்ப் பக்கத்துக்காரர். ஊர் ஊராக மாற்றலாகிப் போன காலமெல்லாம் அவருடைய புத்தகங்கள் பச்சை இரும்புப் பெட்டிகளிலேயே கிடந்தனவாம். இனிமேலாவது அவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஹாலின் ஒரு சுவர் முழுக்க ஆறு தட்டு வைத்து பிளைவுட் அலமாரி செய்யச் சொன்னார். மைக்கா வேண்டாம், சாயம் ஏற்ற வேண்டாம், மரத்தின் ரேகை அப்படியே தெரிய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுவரோடு சேர்த்துச் செய்தது, பட்டறைக்குக் கொண்டு வர முடியாது. தச்சு வேலை முடிந்து பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்குக் கை ஒழிந்தது. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து மகள் வருகிறாள், அதற்குள் முடித்துவிடுங்கள் என்றார்.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தூசி என்ற பேச்சுக்கே இடமில்லை. கதவுக் கைப்பிடி, குழாய், வாசல் பெயர்ப்பலகை, ஷூ, எல்லாம் முகம் பார்க்கலாம் போல இருக்கும். இந்த வீட்டில் வேலை செய்வது சுகம் என்று நானே யாதகிரியிடம் சொன்னேன். யாதகிரி எங்களுக்கு உப்புத்தாள் போடுகிறவர், தெலுங்குக்காரர், என்னோடு பேசிப் பேசித் தமிழ் கற்றவர்.

வியாழக்கிழமை சேகர் முதல் கோட் அடித்தார். அடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. பத்தே நிமிடம். தட்டுகளில் குழி குழியாக விழ ஆரம்பித்தது. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தில் தண்ணீர் ஒட்டாமல் விலகி நிற்குமே, அதே கதை. கடுகு அளவில் நூற்றுக்கணக்கான குழிகள். சுபேதார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்படிக் குழி விழுந்தால் எங்கேயோ எண்ணெயோ பிசுக்கோ இருக்கிறது என்று நமக்கெல்லாம் தெரியும். கம்ப்ரஸரைப் பார்த்திருக்கலாம். குழாயைப் பார்த்திருக்கலாம். பலகையை நிதானமாகப் பார்த்திருக்கலாம். நான் திரும்பி சேகரின் தலையைப் பார்த்தேன். அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது.

"எத்தனை தடவை சொன்னேன்! எத்தனை தடவை! உன் தலைல இருக்கிற எண்ணெய்ல ஒரு ஊருக்கே வடை சுடலாம்!"

"மேடம், துணி கட்டியிருக்கேன், தொப்பி போட்டிருக்கேன். ஒரு சொட்டு விழல."

"வாயை மூடு. கண்ணு முன்னாடி தெரியுது, இதுல எதிர்ப்பேச்சு வேறயா?"

சுபேதார் நிற்கிறார், யாதகிரி நிற்கிறார், அடுத்த வீட்டு வேலைக்கார அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள். நான் நிறுத்தவில்லை. "கன்னை இப்படிக் குடு" என்று அவர் கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்று எழுதுகிறேனே, பிடுங்கினேன். சேகர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

சுபேதாரும் சும்மா இருக்கவில்லை. அந்த எண்ணெய்த் தலை ஆள் இனிமேல் என் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று முதலாளிக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டார். அரை மணியில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் தெலுங்கில் பேசியதன் சாரம் இதுதான். ஸ்ப்ரே ரூம் பொறுப்பு இல்லை, ஸ்ப்ரே வேலையே இனி இல்லை, சேகரை லோடு ஏற்றும் இடத்துக்கு மாற்றிவிடலாம், நடந்ததை இரண்டு வரி எழுதி சனிக்கிழமை கொடுங்கள். நான் "சரி சார்" என்றேன். அந்த "சரி சார்" இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது.

கன் பிடித்தவனை லோடு ஏற்றப் போடுவது என்றால் என்னவென்று உங்களுக்கு இன்னும் தெரியாது. ஒரு வருடம் போகட்டும், தெரியும்.

வெள்ளிக்கிழமை எல்லாத் தட்டையும் யாதகிரியும் இன்னொருவரும் தேய்த்துப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தார்கள். சேகரையும் தேய்க்கத்தான் வைத்தேன், பின்பக்க வராந்தாவில், சுபேதார் கண்ணில் படாமல். பட்டான்செருவில் நடந்த எங்கள் வேறொரு வேலையிலிருந்து இன்னொரு ஸ்ப்ரேக்காரர் சனிக்கிழமை மத்தியானம் வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு மொட்டைத் தலை நின்றுகொண்டிருந்தது. மழமழவென்று, புருவத்தைத் தவிர முகத்தில் ஒரு முடி இல்லை. மீசையும் இல்லை. பக்கத்தில் போன பிறகுதான் சேகர் என்று தெரிந்தது.

யாதகிரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன அண்ணே, திருப்பதியா?"

"இல்ல. சைனிக்புரி" என்றார் சேகர்.

யாதகிரியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சேகர் என்னிடம் வந்தார். முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"மேடம், பட்டான்செரு ஆள் வர்றதுக்குள்ள ஒரே ஒரு தடவை நான் அடிக்கறேன். அப்புறம் எங்க வேணா போடுங்க, போறேன்."

"சுபேதார் ஒத்துக்க மாட்டார்யா."

"கேட்டுப் பாருங்க மேடம்."

கேட்டேன். சுபேதார் வெளியே வந்து சேகரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். தலையில் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. "வரச் சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

சேகர் அடித்தார். எண்ணெய் இல்லை, முடி இல்லை, வியர்வையைக்கூட ஒவ்வொரு தடவையும் வெளியே போய்த் துடைத்துவிட்டு வந்தார். பத்து நிமிடம் நாங்கள் நால்வரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பதினோராவது நிமிடம் குழி விழ ஆரம்பித்தது. அதே கடுகு, அதே அம்மை.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. ஐயோ, இப்போது யாரைத் திட்டுவது என்றுதான் தோன்றியது. அந்த எண்ணத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சேகர் கன்னைக் கீழே வைத்தார். "இப்ப மரத்தைப் பாருங்க மேடம்."

பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, இரண்டு நாளில் முதன்முறையாக நான் அந்த அலமாரியைப் பார்த்தேன். கீழ்த்தட்டு, குழி. அதற்கு மேல், குழி. மூன்று, நான்கு, குழி. ஐந்தாவது தட்டில் முன் விளிம்பில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குக் குழி, உள்ளே போகப் போகச் சுத்தம். ஆறாவது தட்டு, எல்லாவற்றுக்கும் மேலே உள்ளது, ஒரு குழி இல்லை. பளிங்கு மாதிரி இருந்தது.

"மேல ஒண்ணுமே இல்லையே" என்றேன்.

"முந்தாநாள் கூட மேல இல்ல மேடம்" என்றார் யாதகிரி. "தேய்க்கும்போது பார்த்தேன்."

"ஏன்யா, அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"கேட்டா மட்டும் பேசுன்னு நீங்கதானே சொன்னீங்க. நீங்க கேக்கல."

தலையில் அடித்துக்கொண்டேன். யோசித்துப் பாருங்கள். ஸ்டூல் மேல் ஏறி நிற்கிறவனின் தலைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது எந்தத் தட்டு? மேல் தட்டு. தலை எண்ணெய் சொட்டியிருந்தால் அதுதான் முதலில் நாசமாகியிருக்க வேண்டும். வியாழக்கிழமையே ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். ஒரு நிமிடம்! நான் ஆளைப் பார்த்தேன், அண்ணாந்து பார்க்கவில்லை.

ஐந்தாவது தட்டின் விளிம்பு வரை எட்டுவது எது, அதற்கு மேல் எட்டாதது எது என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். சுபேதார் ஜன்னல் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது தோளில் பழைய அடி, கை தோளுக்கு மேல் போகாது. முழங்கால் வலியால் ஸ்டூலும் ஏறுவதில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் பக்கம் போனேன்.

"ஐயா, தச்சு வேலை முடிஞ்சப்புறம் இந்த அலமாரியைத் துடைச்சீங்களா?"

"துடைக்காம? தினம் காலைல அஞ்சரைக்கு. பத்து நாளும் விடல. தூசி படிஞ்சா நீங்க பாலிஷ் போடறது எப்படி ஒட்டும்?" என்று பெருமையாகச் சொன்னார்.

"வெறும் துணியாலயா ஐயா?"

"வெறும் துணியா?" என்று உள்ளே போய் ஒரு டின்னைக் கொண்டு வந்தார். காரின் டாஷ்போர்டில் பளபளப்புக்கு அடிக்கிற ஸ்ப்ரே. அதில் இருக்கிற சிலிகோன் வெறும் மரத்துக்குள் இறங்கிவிட்டால் அதற்கு மேல் எந்த க்ளியரும் ஒட்டாது, விலகி விலகி ஓடும். பத்து நாள், தினம் ஒரு தடவை, கை எட்டுகிற வரைக்கும் அவர் பாசமாகத் துடைத்து வைத்திருந்தார்.

நான் டின்னைப் பார்த்தேன். சேகர் டின்னைப் பார்த்தார். சுபேதார் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை அவருக்கு.

"அப்ப இது என் வேலையா?"

"தெரியாம நடந்ததுதான் ஐயா" என்று இழுத்தேன்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கேயே ஃபோனை எடுத்தார், எங்களுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார், முதலாளியிடம் இந்தியில் பேசினார். வியாழக்கிழமை உங்கள் ஆளைப் பற்றி ஒரு புகார் சொன்னேன், அது தவறு, தவறு என்னுடையது, அதைத் திரும்பப் பெறுகிறேன், இந்த வேலையை அவரே முடித்தால்தான் எனக்குத் திருப்தி என்றார். முதலாளியும் சரி என்றார். சுபேதார் ஃபோனை வைத்துவிட்டு சேகர் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களைத் தப்பா பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கன்னைத் தூக்கி சேகர் கையில் கொடுத்தேன். "இந்தா, பிடி. வேலையை முடி" என்றேன். என் கணக்கில் அத்தோடு தீர்ந்தது.

அன்று மத்தியானமே சேகர் வேலையை ஆரம்பித்தார். குழி விழுந்ததைத் தேய்த்தெடுத்துவிட்டு மரத்தைத் தின்னரால் துடைத்தார். ஒவ்வொரு துடைப்புக்கும் புதுத் துணி, ஒரு துணியை இரண்டாம் தடவை மரத்தில் வைக்கவில்லை. அதற்கு மேல் மெழுகு நீக்கிய அரக்கைப் பஞ்சுத் துணியால் மெல்லிசாக ஒத்தி, அந்தப் பிசுக்கை உள்ளேயே அடைத்தார். ஒரு மூலையில் க்ளியர் அடித்துக் காட்டினார். குழி இல்லை. ஞாயிறு விடுமுறை, திங்கள்கிழமை வந்து முழுசாக அடித்தால் வேலை முடிந்தது. மகள் வந்தால் வந்து பார்த்துக்கொள்ளட்டும், அவசரமில்லை என்று சுபேதாரும் சொல்லிவிட்டார்.

திங்கள்கிழமை சேகர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. ஃபோன் போட்டால் அணைத்து வைத்திருந்தது. புதன்கிழமை காலையில் நான் சைனிக்புரிக்குப் போய், வேறு ஆளை வைத்து அடித்துவிடவா என்று சுபேதாரிடம் கேட்டேன்.

"அவர்கிட்ட நீங்க பேசிட்டீங்களா?" என்றார்.

"ஃபோனை எடுக்கல ஐயா."

"அது இல்ல. தப்பு உங்க மேலன்னு சொல்லிட்டீங்களா?"

"கன்னைத் திருப்பிக் குடுத்துட்டேனே ஐயா."

"சாமானைக் குடுத்தீங்க" என்றார். "நீங்க திட்டினது இந்த ஹால்ல, எல்லார் முன்னாடியும். அதுக்கு என்ன சொன்னீங்க?"

வேறு யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார், நான் நான்கு நாளாக ஆரம்பிக்கவே இல்லை. என்னத்தைச் சண்டை போடுவது? ஆட்டோ பிடித்து, சேகர் வீடு இருக்கிற லாலாகுடாவுக்குப் போனேன்.

சேகரின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சந்துக்குள் சின்ன வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சேகர் வேலை செய்கிற இடத்தில் சூப்பர்வைசர் என்று சொன்னேன்.

"ஓ. அது நீங்கதானா" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

"சேகர் இருக்காராங்க?"

"இருக்கான். உள்ள அவங்கம்மாவுக்குக் கஞ்சி குடுத்துக்கிட்டு இருக்கான்." அப்புறம் சொன்னார். "அம்மா, எங்க வழக்கத்துல வேண்டுதல்னா மொட்டை போடுவாங்க. இல்லேன்னா அப்பன் செத்தா பிள்ளை போடுவான், மீசையோட சேர்த்து. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவன் மீசை இல்லாம, மொட்டையா வந்து வாசல்ல நிக்கறான். நான் இதே நாற்காலில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன். அவங்கம்மா அவனைப் பார்க்கறா, என்னைப் பார்க்கறா, மறுபடி அவனைப் பார்க்கறா. அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவதான், இன்னும் சரியா எழுந்திருக்கல."

எனக்கு அந்த வழக்கம் தெரியாதா? நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் தூத்துக்குடியிலிருந்து வந்த குடும்பம், சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்த மீசையில்லாத முகத்தை சனிக்கிழமை காலையில் ஒரு கை தூரத்தில் பார்த்தேன், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"எந்தக் கோயில்டான்னு கேட்டா கம்பெனிங்கறான்" என்று அவர் தொடர்ந்தார். "எவனோ பார்த்துட்டு ஊருக்குச் சொல்லிட்டான். நாலு நாளா சொந்தக்காரங்க ஃபோன் பண்ணி, எப்போ ஆச்சு, எப்போ எடுக்கறீங்கன்னு கேக்கறாங்க. ஃபோனை எடுக்கறது நான்!"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. அவர் முகத்தில் இரண்டும் இல்லை.

"அவனுக்கு அங்க இனிமே நக்கோம்மா, அந்த வேலையே வேணாம். பட்டான்செருல ஒரு கம்பெனில பெயிண்ட் அடிக்கக் கூப்பிடறாங்க. நாளைலேர்ந்து போறான்."

அதைக் கேட்டதும் நான் பேச ஆரம்பித்தேன். குரல் வரவில்லை. இருபத்தாறு வருடத்தில் என் குரல் எனக்கு வராமல் போனது அந்த ஒரு தடவைதான். "ஐயா, உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்ல. பலகைல ஏற்கனவே வேற ஒண்ணு தடவியிருந்துது. நான் பார்க்காம அவர் தலை எண்ணெய்தான் காரணம்னு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டேன். அதைப் பொய்னு காட்டத்தான் அவர் மொட்டை போட்டார். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கங்க" என்று ஏதோ முணுமுணுத்தேன்.

அவர் காதைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார். எதிர் வீட்டு வாசலைக் காட்டினார். அங்கே இரண்டு பெண்கள் கீரை ஆய்வதுபோல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலு நாளா என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு அவங்களும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்களுக்கும் கேக்கற மாதிரி கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா."

திரும்பி நின்றேன். சந்தில் நான்கைந்து வாசல் திறந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பட்டறையில் கூப்பிடுகிற அதே குரலில், தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை சொன்னேன். "சேகர் மேல எந்தத் தப்பும் இல்ல! அவர் வேலை சுத்தம்! தப்பு பண்ணினது நான், அவரோட சூப்பர்வைசர்!"

கீரை ஆய்ந்த கைகள் நின்றன. மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். சேகர் கஞ்சிக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். மொட்டைத் தலையில் அப்போதே லேசாக முடி முளைத்திருந்தது.

"மேடம்! போதும் மேடம். ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்."

"நீங்க பட்டான்செரு போகாதீங்க சேகர்" என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன்.

சேகர் அப்பாவைப் பார்த்தார். அப்பா எதிர் வீட்டைப் பார்த்தார். அந்தப் பெண்களில் ஒருத்தி, "அப்ப உங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்களா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"நல்லா இருக்கோம்மா, நல்லா இருக்கோம்" என்றார் அவர். நாற்காலியிலிருந்து எழுந்தார். அதை என் பக்கம் நகர்த்தி உட்காரச் சொல்லிவிட்டு, வாசல் படியில் நின்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏய், எழுந்திரு. காலைல பிள்ளைக்கு டிபன் கட்டணும். குஷாய்குடா பட்டறைக்குத்தான் போறான்."